பெயர் தேடும் பக்கம்

“படத்தைப் பாரும்! பல்லைக் காட்டிக்கொண்டு நிக்கிறார் பெரியவர்!”

கோணேசன் பேப்பரை மனைவியின் முன் போட்டான். படத்தில் டென்மார்க்கின் வைலே நகரில் உள்ள ஒரு கம்பியூட்டர் கம்பனியின் முதலாளி. பக்கத்தில் கோட் போட்ட பாலேந்திரா.

“எங்கடை பாலேந்திரா அண்ணை எல்லே? வடிவா நிக்கிறார்,” என்றாள் நிரஞ்சலா.

“வடிவு! என்ன எழுதியிருக்கெண்டு வாசியும். எழுத்து மாறியிருந்தாலும் சத்தத்தை வைச்சுப் பேரைத் தேடுற முறைக்கு அந்தக் கம்பனி பேட்டன்ட் கேட்டிருக்காம். கண்டுபிடிச்சவர் இவராம்!”

“பேட்டன்ட் எண்டா?”

“அது கிடைச்சா அவங்கடை சொத்து. வேறை ஆர் செய்தாலும் வழக்கு.”

நிரஞ்சலா சிரித்துவிட்டாள். “சத்தத்தை வைச்சுப் பேரைப் பிடிக்கிறது ஒரு கண்டுபிடிப்போ? அது எல்லாரும் செய்யிறது தானே?”

“எல்லாரும் செய்யிறதைத்தான் இப்ப இந்தக் கம்பனியள் பேட்டன்ட் எடுத்து வைச்சிருக்குது. ஆனா இதை எழுதினது நானெல்லே!”

உண்மைதான். 2009 மே மாதம் சண்டை முடிந்ததும் வவுனியா முகாம்களில் இருப்பவர்களின் பெயர்ப் பட்டியல்கள் மின்னஞ்சலில் வரத் தொடங்கின. ஒரே பெயரை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதியிருந்தார்கள். ஆயிரக்கணக்கான பெயர்களுக்குள் தாயை எப்படித் தேடுவது, தம்பியை எப்படித் தேடுவது? ஹேர்னிங்கில் தன் வீட்டுக் குசினி மேசையில் இருந்து கோணேசன்தான் அந்த இணையப் பக்கத்தை எழுதினான். எப்படி எழுதியிருந்தாலும் பெயரைப் பிடித்துத் தரும். முதலில் காட்டியது பாலேந்திராவுக்கு.

“நல்லாயிருக்கு மச்சான். எனக்கும் ஒரு கொப்பி தா,” என்றான் பாலேந்திரா. அவனுடைய தங்கச்சியையும் காணவில்லை.

கோணேசன் கேட்டவுடன் கொடுத்தான்.

இருவரும் டென்மார்க்கில் ஒன்றாகப் படித்தவர்கள். பாலேந்திராவுக்கு அந்தக் கம்பியூட்டர் கம்பனியில் ஒபிஸ் வேலை கிடைத்தது. கோணேசனுக்குத் துணிக் கம்பனியில் பெட்டி அடுக்கும் வேலை. பாலேந்திரா கார் வாங்கியபோதும் வீடு வாங்கியபோதும் முதல் ஆளாகப் போய்க் கைகொடுத்தது கோணேசன்தான். திரும்பி வந்தால் இரண்டு நாள் ஒருவரோடும் கதைக்க மாட்டான்.

படத்தை நாலு தரம் பார்த்தான். பக்கம் பறிபோனதைவிட அந்தக் கோட்தான் கூடச் சுட்டது.

அன்றைக்கே முதலாளிக்கு டெனிஷில் ஒரு கடிதம் எழுதினான். ‘பாலேந்திரா கள்ளன். அந்த முறை ஹேர்னிங்கில் இருக்கும் கோணேசனுடையது. விசாரியுங்கள்.’ சொந்தப் பெயரைப் போட்டால் வழக்கு வரலாம் என்று பயம். ‘உண்மையை விரும்பும் ஒருவன்’ என்று முடித்தான். நிரஞ்சலாவுக்குச் சொல்லவில்லை.

இரண்டு கிழமை கழித்து, ஒரு சனிக்கிழமை, பாலேந்திரா வந்து பெல் அடித்தான். கோணேசன் சண்டைக்குத் தயாராகக் கதவைத் திறந்தான்.

“வேலை போயிட்டுது மச்சான்,” என்றான் பாலேந்திரா.

“ஏன்?”

“சாப்பாட்டு நேரம் உன்ரை பக்கத்திலை தங்கச்சியைத் தேடிக்கொண்டிருந்தனான். முதலாளி பின்னாலை நிண்டு பாத்திட்டு, இதுக்குப் பேட்டன்ட் எடுப்பம் எண்டான். இது என்ரை இல்லை, சிநேகிதன்ரை எண்டு சொன்னன். அவன்தான் இன்னும் எடுக்கேல்லையே எண்டு சிரிச்சான். நான் மறுத்தா வேறை ஆளை வைச்சுச் செய்விப்பான்.”

“அதுக்கு?”

“அவங்கள் விண்ணப்பம் குடுக்க இரண்டு நாள் முந்தி, முழுவதையும் வரி வரியா இன்ரநெற்றிலை எல்லாரும் பாக்கப் போட்டிட்டன். முதலே வெளியிலை வந்ததுக்குப் பேட்டன்ட் கிடையாது. இனி உன்னை ஒருத்தரும் தடுக்கேலாது. எழுதினது கோணேசன் எண்டுதான் போட்டனான்.”

கோணேசன் கதிரையில் இருந்துவிட்டான்.

“ஏன்டா எனக்குச் சொல்லேல்லை?”

“தெரிஞ்சா நீயும் மாட்டுப்படுவாய். படம் எடுக்கேக்கை உள்ளுக்கை நடுங்கிக்கொண்டுதான் நிண்டனான்.”

நிரஞ்சலா மெல்லக் கேட்டாள். “தங்கச்சி?”

“செட்டிகுளம் முகாமிலை இருக்கிறா. இவன்ரை பக்கத்தாலைதான் கண்டுபிடிச்சனான்.”

கோணேசன் நிமிர்ந்து பார்த்தான். “பிறகு... எப்பிடிப் பிடிபட்டனீ?”

“ஆரோ முதலாளிக்கு மொட்டைக் கடிதம் போட்டிருக்கிறான். அதிலை இருந்த உன்ரை பேரைத் தேடேக்கை, நான் போட்டது அகப்பட்டிட்டுது.”

பாலேந்திரா அவன் தோளில் கை வைத்தான்.

“என்னிலை பொறாமை பிடிச்சவன் ஆரோ எங்கடை ஆக்களுக்கைதான் இருக்கிறான். உன்ரை பேரையும் இழுத்து விட்டிருக்கிறான். நீ கவனமா இரு மச்சான்.”