ஏழாவது தட்டு

"அக்கா, மூடியைத் திறக்காத!"

அக்கா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "வாசனை ஆளைத் தூக்குதேடா. லேசா கிளறி விடலாம்னு பார்த்தேன்."

"கிளறவே கூடாது. ரெண்டு மணி நேரம் அது பாட்டுக்கு உருகணும். மூடியில படியிற ஆவித் தண்ணி ஒரு சொட்டு உள்ள விழுந்தாலும் சாக்லேட் மண்ணு மாதிரி ஆயிடும்."

"அதுக்குத்தான் மூடிக்கு அடியில துண்டா? நான், நீ கவனமில்லாம கைத்துண்டையும் சேர்த்து வேகப் போட்டுட்டியோன்னு பயந்துட்டேன்."

அவன் சிரிக்கவில்லை. மனைவி இறந்து ஐந்து மாதம். தம்பியிடம் சிரிப்பை எதிர்பார்ப்பதை அக்காவும் விட்டுவிட்டிருந்தாள்.

"போன தடவை வந்தப்போ உன் மூஞ்சியைக்கூடப் பார்க்க முடியல. இப்ப என்னடான்னா ஏப்ரன் கட்டிக்கிட்டு என்னையே அதட்டுற" என்றாள்.

மேடையில் ஸ்லோ குக்கர் என்கிற மின்பானை, இளஞ்சூட்டில் சத்தமே இல்லாமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அடியில் உப்புப் போட்டு வறுத்த வேர்க்கடலையும் உடைத்த முந்திரியும். அதன்மேல் கறுப்பு, பால், வெள்ளை என்று மூன்று வகை சாக்லேட் கட்டிகள். அடுக்கி மூடிவிட்டால் வேலை முடிந்தது. உருகியதும் கலந்து, காகிதத்தில் கரண்டி கரண்டியாக ஊற்றி ஆறவைத்தால் மிட்டாய். சமையல் தெரியாதவர்கள்கூடச் செய்துவிடலாம். அதை அவன் ஏழாவது முறையாகச் செய்துகொண்டிருந்தான்.

குடிநீரைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் அவனுக்கு வேலை. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்று, மற்றதில் கைவைக்காதே, வந்ததை எழுதிவை. அங்கே படிந்த பழக்கம் சமையலறைக்கும் வந்துவிட்டது. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த தாளை அக்கா வாய்விட்டுப் படித்தாள்.

"ஒன்று, இனிப்பு ஜாஸ்தி. இரண்டு, இனிப்பு பத்தவில்லை. மூன்று, உப்புக் கரிக்கிறது. நான்கு, உப்பே இல்லை. ஐந்து, கடலை பெரிசு. ஆறு, அம்மாவுது மாதிரி இல்லை... ஏன்டா, எல்லாம் உன் பொண்ணு, நம்ம வாலு சொன்னதா?"

"ஆமா."

"உன் பொண்டாட்டி எழுதி வெச்ச அளவு இருந்துச்சே?"

"முதல் தடவை அதை வெச்சுத்தான் செஞ்சேன். ஒரு கிராம் பிசகல."

"எட்டு வயசுக் குட்டிக்கு நாக்கு இவ்வளவு நீளமா? கடையில ஒரு டப்பா வாங்கிக் கொடுத்துட்டு விடுவியா..."

அவன் மேடையைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "அம்மா போனதுலேர்ந்து அவ வாயைத் திறந்து என்கிட்ட கேட்டது இது ஒண்ணுதான்க்கா. இதைக்கூடக் கொடுக்க முடியலைன்னா அப்பான்னு நான் எதுக்கு?"

அக்கா ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த தாளை மறுபடியும் மேலிருந்து படித்தாள்.

ஒன்பது வருடம் மனைவி இதே மேடையில், அவன் முதுகுக்குப் பின்னால், மாதம் ஒருமுறை இதைச் செய்தாள். அவன் செய்தித்தாளிலிருந்து தலை தூக்காமல் கையை மட்டும் நீட்டுவான். கையில் ஒன்று வந்து விழும். ஒருநாள்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. எதையோ ஒன்றை அவள் எழுதாமல் விட்டிருக்கிறாள் என்று இப்போது நினைத்தான். அதைக் கேட்க ஆளில்லை.

நேரமானது. துண்டோடு சேர்த்து மூடியை எடுத்தான். கலந்தான். காகிதத்தின் மேல் வரிசையாக ஊற்றினான். இறுகும்வரை தட்டின் பக்கத்திலேயே நின்றான். பிறகு கூப்பிட்டான்.

"வாலு! வா கண்ணு, ரெடி."

மகள் வந்து மேடைமேல் ஏறி உட்கார்ந்தாள். ஒன்றை எடுத்து, முன்னும் பின்னும் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு கடித்தாள். அவன் தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் மாணவனைப் போலக் கையைப் பிசைந்தான். அக்காவும் ஒன்றை வாயில் போட்டாள்.

"ம்ஹூம்" என்று தலையாட்டினாள் மகள். "கிட்ட வந்துடுச்சுப்பா. ஆனா அம்மாவுது இல்ல."

அவன் முகம் விழுந்துவிட்டது. "எதுல குறையுதும்மா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"முந்திரியா இருக்குமோ? வேற கடையில வாங்கிப் பார்க்கலாம்ப்பா. நானும் வரேன். நடந்தே போலாம்."

'ஏழு, கிட்ட வந்தது' என்று தாளில் எழுதினான். ஏப்ரனை அவிழ்த்துப் போட்டுவிட்டு வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினான். பையை எடுக்க மறந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. திரும்பி வந்தவன், உள்ளே அக்கா குரலைத் தாழ்த்திப் பேசுவது கேட்டு, சமையலறைக்கு வெளியிலேயே நின்றுவிட்டான்.

"ஏய் வாலு, என் கண்ணைப் பார்த்துச் சொல்லு. இது அச்சு அசல் உங்கம்மா கைப்பக்குவம்டி. எனக்கே தெரியுது, உனக்குத் தெரியலையா?"

மேடையிலிருந்து குதித்து இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு மகள் கிசுகிசுத்தாள்.

"முதல் தடவையே சரியா வந்துடுச்சு அத்தை. அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. சொன்னா, மறுபடியும் ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டுப் படுத்துக்குவாரு."