ஒரு மணி மேகம்

"தூங்கினியாலே?"

லேப் வாசலில் வைத்து, பத்துப் பேர் பார்க்க, சயன்ஸ் வாத்தியார் தேவபிரசாதம் கேட்டார்.

"இல்லைய்யா," என்றான் அட்டெண்டர் இசக்கியப்பன்.

"பன்னிரண்டே முக்காலுக்கு நாற்பத்திரண்டு. ஒண்ணே காலுக்கு நாற்பத்தொண்ணு. நடுவுல ஒரு மணிக்கு மட்டும் பதினேழு. தொடர்ந்து ஆறு நாளா இப்படித்தான் எழுதியிருக்கே. ஏன், சூரியன் ஒரு மணிக்குச் சாப்பிடப் போயிருதோ?"

கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். இசக்கியப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

அது 1947, பங்குனி மாதம். இன்றைக்குத் தூத்துக்குடியில் எந்த மொட்டை மாடியைப் பார்த்தாலும் சூரியத் தகடு சாய்ந்து கிடக்கிறது. யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அன்றைக்கு ஊருக்கே ஒன்றுதான், அதுவும் உள்ளங்கை அகலம். உலகச் சண்டை முடிந்து துறைமுகத்தில் ஏலம் போட்ட தட்டுமுட்டுச் சாமான்களோடு வந்த செலினியம் தகடு. அதைப் பார்க்கப் பள்ளிக்கூடத்து மாடிப்படியில் ஊரே வரிசையில் நின்றது. அதெல்லாம் ஒரு காலம்.

"பேட்டரி கிடையாது, டைனமோ கிடையாது. வெயில் பட்டாலே கரண்டு," என்பார் வாத்தியார்.

தகட்டிலிருந்து இரண்டு கம்பி ஒரு முள் பெட்டிக்குப் போகும். தகட்டில் வெயில் விழுந்தால் முள் ஏறும், நிழல் விழுந்தால் இறங்கும். ஒவ்வொரு முறை முள் ஏறும்போதும், முதல்முறை பார்ப்பவர் மாதிரி வாத்தியார் முகம் மலரும்.

தகடு சூரியனை நேருக்கு நேர் பார்த்தபடி இருக்க வேண்டும். அதற்காகச் சட்டத்தின் ஓரத்தில் ஓர் ஆணி அடித்திருந்தார். ஆணியின் நிழல் அதன் காலடியிலேயே மறைந்துவிட்டால் சரி. நிழல் நீண்டால், சூரியன் நகர்ந்துவிட்டது, தகட்டைத் திருப்ப வேண்டும். காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை, கால் மணிக்கு ஒரு தரம்.

வாத்தியாருக்கு வகுப்பு இருக்கிறதே. திருப்புவதும், முள் காட்டும் எண்ணை எழுதுவதும் இசக்கியப்பன் பாடு. கண்ணாடி கூசினால் முள் தெரியாது என்று, பெட்டிக்கு மட்டும் பனையோலையில் ஒரு சின்னக் கூரை போட்டுக் கொடுத்திருந்தார். எண் எழுத ஆரம்பித்த பிறகு வேறு யாரும் மாடிக்கு வரக்கூடாது என்று கண்டிப்பான உத்தரவு வேறு.

முப்பது நாள் எண்கள் ஒழுங்காக இருந்தால், மெட்ராஸ் காலேஜில் அவரை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். பத்து வருஷமாக அவர் கண்ட கனவு அது. இந்தப் பதினேழு அதைக் கெடுத்துவிடும்போல இருந்தது.

ஹெட்மாஸ்டர் வில்பிரட் பேச்சை வளர்க்கவில்லை. "டெம்பரரி ஆள்தானே வே. இன்னைக்கோட நிறுத்திட்டு வேற ஆளை வையும்."

வாத்தியார் இசக்கியப்பனைப் பார்த்தார். "தூங்கினதுதான் தூங்கினே. நாற்பத்திரண்டுன்னு எழுதியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கவே செய்யாதேலே?"

"முள் காட்டுறதைத்தான் எழுதணும்னு சொன்னியளேய்யா."

வாத்தியாருக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. "இன்னைக்கு ஒரு நாள் பாத்துட்டுச் சொல்லுதேன் சார்," என்றார்.

ஒரு மணிக்கு அவர் லேப் நிழலில் தூக்குச்சட்டியைத் திறப்பது வழக்கம். அன்றைக்குத் திறக்கவில்லை. மணி ஒன்று அடிக்குமுன்னே, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் மாடி ஏறினார். கடைசிப் படியிலேயே கால் பொத்துப்போகிற மாதிரி சுட்டது.

கதவிடுக்கு வழியாகப் பார்த்தார்.

இசக்கியப்பன் தூங்கவில்லை. ஒரு கையால் தகட்டைப் பிடித்தபடி, மறு கையால் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். அவன் தலைக்கு மேலே முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு அவன் மனைவி சீனித்தாய் நின்றாள். உப்பளத்து வேலையிலிருந்து அப்படியே வந்திருக்கிறாள். முழங்கால் வரை உப்பு பூத்திருந்தது. அவள் தலை வெயிலில்தான் இருந்தது.

"சேலையை எடுளா. தகட்டுல நிழல் விழுது. ஐயா ஏசுதாவ."

"ஏசட்டும். கஞ்சியைக் குடிச்சு முடிக்கிறவரை எடுக்க மாட்டேன்."

"முள் இறங்குது பாரு."

"தகடு வெயில்ல நின்னா கரண்டு வரும். நீங்க நின்னா என்ன வரும்? இந்த வேலைக்கு வந்த மூணாம் நாளு இங்கனதானே மயங்கி விழுந்திய. அதை ஐயாட்ட சொன்னியளா?"

"சொன்னா வேலைக்கு ஆவமாட்டேன்னு அனுப்பிருவாவ."

கீழே பள்ளிக்கூடத்து மணி ஒன்று அடித்தது. இசக்கியப்பன் கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்தான். கையை வேட்டியில் துடைத்துவிட்டு, ஓலைக்கூரைக்குள் எட்டிப் பார்த்து, நோட்டில் எழுதினான்: பதினேழு.

தேவபிரசாதம் வந்த வழியே இறங்கினார். பெட்டிக்குக் கூரை போடத் தோன்றிய தனக்கு, ஆளுக்கு ஒன்று வேண்டும் என்று தோன்றவே இல்லையே என்று வெட்கமாக இருந்தது.

ஒன்றே கால் ஆனதும், சீனித்தாய் போய்விட்டாள் என்று தெரிந்த பிறகு, குரல் கொடுத்து நோட்டை வாங்கிக்கொண்டார்.

லேபில் ஹெட்மாஸ்டர் காத்திருந்தார். "என்ன வே, ஆளை நிறுத்திரலாமா?"

வாத்தியார் நோட்டை விரித்தார். பேனாவைத் திறந்து, ஒரு மணிக்கு நேரே இருந்த ஏழு பதினேழுக்கும் பக்கத்தில், குறிப்பு என்ற கட்டத்தில், ஒரே வார்த்தையை ஏழு தரம் எழுதினார்.

மேகம்.

ஹெட்மாஸ்டர் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார். கழுவித் துடைத்த மாதிரி இருந்தது.

"பங்குனி மாசம், நம்ம ஊர்ல, தினமும் கரெக்டா ஒரு மணிக்கு மேகமா? மெட்ராஸ்ல சிரிப்பாங்க வே."

"சிரிக்கட்டும் சார். நாளையிலேர்ந்து ஒரு மணிக்கு நான் திருப்புதேன். இசக்கி கீழ வந்து நிழல்ல சாப்பிடட்டும்."

"அது இருக்கட்டும். இந்த மேகத்தை யாரு பாத்தா?"

தேவபிரசாதம் நோட்டை மூடினார்.

"நான் பாத்தேன் சார். உப்பளத்திலேர்ந்து ஓடியே வருது."