முப்பத்தைந்தா, எண்பத்தைந்தா?

“இன்னைக்கும் சும்மா பார்த்துட்டுப் போறதா இருந்தா, இனிமே வராதீங்க சார்.”

மேலாளர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் பெரியவருக்கு முகம் சுண்டிவிட்டது. கேமராக் கடையே தன்னைத் திரும்பிப் பார்ப்பது போல இருந்தது.

கடையில் அவருக்குப் பெயரே ‘சனிக்கிழமை சார்’. வாரம் தவறாமல் வருவார். வந்ததும் நேராக லென்ஸ் கவுண்டரில் நிற்கும் இளைஞனிடம்தான் போவார். ஒவ்வொரு கேமராவாக எடுக்கச் சொல்வார், ஒவ்வொரு லென்ஸாக மாட்டச் சொல்வார், இதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று குடைவார். கடைசியில், “யோசிச்சுச் சொல்றேன்” என்று நடையைக் கட்டிவிடுவார்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம். ஒரு வாடிக்கையாளரை யார் முதலில் கவனித்தாரோ, பில் போடும்வரை அவரேதான் கவனிக்க வேண்டும். பில் போட்ட பிறகு வரும் சந்தேகமெல்லாம் மாடியில் இருக்கும் சர்வீஸ் பிரிவுக்கு. அதனால் பெரியவர் தலை தெரிந்தாலே, “உன் ஆள் வந்தாச்சுடா” என்று மற்றவர்கள் இளைஞனைச் சீண்டுவார்கள். அவன் சிரிக்கவும் மாட்டான், சலித்துக்கொள்ளவும் மாட்டான். லென்ஸ் துடைக்கும் துணியை எடுத்து வைத்துக்கொண்டு, “வாங்க சார்” என்பான்.

பெரியவர் காதில் விழும் முதல் நல்ல வார்த்தை, வாரா வாரம் அந்த ‘வாங்க சார்’தான். வீட்டில் அவரிடம் பேசுகிறவர் யாரும் இல்லை. மனைவி இருந்தவரை அவளே எல்லோருக்கும் சேர்த்துப் பேசிவிடுவாள். அவள் போன பிறகு, டிவியில் செய்தி வாசிக்கிற பெண்ணுக்குப் பதில் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்களும் உண்டு.

இப்போது கேமராவை வாங்கினால் இந்தப் பேச்சும் முடிந்தது. வாங்காவிட்டால் கடைக்குள்ளேயே வர முடியாது. என்ன செய்வது என்று தெரியாமல் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“போன வாரம் பார்த்த கேமரா பாடியையே எடுக்கவா சார்?” என்றான் இளைஞன்.

“அதுவும் எடுங்க தம்பி. அதைவிடச் சின்னதா ஒண்ணு காட்டினீங்களே, அதையும் எடுங்க.”

இரண்டும் உள்ளே கண்ணாடி இல்லாத, புதிய மிரர்லெஸ் கேமராக்கள். இளைஞன் இரண்டையும் எடுத்து வைத்தான். கண் வைத்துப் பார்க்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த குட்டித் திருகை, பெரியவரின் பார்வைக்குத் தகுந்தபடி அவர் கேட்காமலேயே திருப்பிவிட்டான்.

“பெரியதுல படத்தைப் பிடிக்கிற சென்சார் பெருசு. வெளிச்சம் கம்மியா இருந்தாலும் படம் சுத்தமா வரும். சின்னது கைக்கு அடக்கம். ரெண்டுலயும் கை நடுங்கினாலும் படம் நடுங்காது.”

“எனக்குக் கை நடுங்குதுன்னு யாரு சொன்னா?”

“பொதுவா சொன்னேன் சார்.”

பெரியவர் பெரிய கேமராவை எடுத்து அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தார். ஒரு பச்சைக் கட்டம் ஓடிப்போய் அவன் கண்மேல் உட்கார்ந்துகொண்டது. அவன் தலையைத் திருப்பினாலும் விடவில்லை. ஒரு முகத்தை இவ்வளவு நேரம் நேராகப் பார்க்க நடுவில் ஒரு கேமரா தேவைப்படுகிறதே என்று நினைத்துக்கொண்டார்.

“இதுல இவ்வளவு விஷயம் இருக்கா தம்பி! கேமராக் கடையில நிக்கிறதெல்லாம் ஒரு வேலையான்னு கேட்டவன் நான்.”

“நிறைய பேர் கேக்கறதுதான் சார்” என்றான் அவன், ஏற்கெனவே சுத்தமாக இருந்த லென்ஸை மறுபடியும் துடைத்தபடி.

மேலாளர் தூரத்தில் நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

“லென்ஸ் சொல்லுங்க சார். முப்பத்தஞ்சு எம்.எம்.மா, எண்பத்தஞ்சா?”

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?”

வாரா வாரம் கேட்கிற கேள்வி. அவனும் முதல் தடவை சொல்வது போலவே சொன்னான். “எண்பத்தஞ்சு, ஆளைத் தள்ளி நிக்க வெச்சு எடுக்கறதுக்கு. சுத்தி இருக்கறதெல்லாம் மங்கிடும், முகம் மட்டும்தான் நிக்கும். முப்பத்தஞ்சு, கிட்டத்துல உட்கார்ந்து எடுக்கறதுக்கு. ஆளோட சேர்ந்து அந்த இடமும் வரும். நீங்க யாரைப் படம் எடுக்கப் போறீங்கன்னே இதுவரைக்கும் சொல்லலையே சார்.”

இத்தனை நாளும் மழுப்பி வந்த கேள்வி. பெரியவர் கேமராவைக் கீழே வைத்தார்.

“ஒரே ஒரு ஆளைத்தான்.”

“எவ்வளவு தூரத்துல இருப்பாங்க?”

“ஒரு சாப்பாட்டு மேசை. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அந்த ஆள். ஆனா ரொம்பத் தூரமாத்தான் தெரியுது. எண்பத்தஞ்சே குடுத்துடுங்க.”

இளைஞன் எண்பத்தைந்தை எடுத்து அலமாரியில் திரும்ப வைத்தான்.

“அவ்வளவு கிட்டத்துல இருக்கறவங்களுக்கு முப்பத்தஞ்சு போதும் சார்.”

பில் போட்டாயிற்று. மேலாளர் இப்போது வாயெல்லாம் பல்லாக வந்தார். “சந்தேகம் ஏதாவது வந்தா மாடியில கேளுங்க சார், பொறுமையா சொல்லித் தருவாங்க.”

“இந்தத் தம்பியையே வந்து கேக்கக் கூடாதா?”

“கடை வழக்கம் அப்படி சார். தப்பா எடுத்துக்காதீங்க.”

பெரியவர் தலையாட்டினார். பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். ஆசைப்பட்ட பொருளை வாங்கிப் போகிறவர் நடை போல அது இல்லை. அடுத்த சனிக்கிழமை எங்கே போவது என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

“சார், துணியை விட்டுட்டுப் போறீங்க!”

இளைஞன் கவுண்டரை விட்டு வெளியே ஓடி வந்தான். லென்ஸ் துடைக்கும் துணியை அவர் கையில் வைத்தான். வைத்த கையை உடனே எடுக்கவில்லை.

“மாடிக்கெல்லாம் போக வேணாம்” என்றான், மேலாளர் காதில் விழாதபடி. “ராத்திரி நம்ம வீட்டுல, சாப்பிடும்போது என்னையே கேளுங்கப்பா.”