நிலாவுக்காக ஒரு இருட்டு

வாசலில் ‘எல்லாக் குழந்தைகளுக்குமான நாடகம்’ என்று ஆள் உயரத்துக்குத் தட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே, காது கேளாத பிள்ளைகளுக்கு வசனத்தைச் சைகையில் சொல்ல, மேடையோரம் ஒரு பெண்ணையும் நிறுத்தியிருக்கிறார்கள்; அதுவரைக்கும் பெருமைதான். அட்டை நிலா மேலேறியதும் இயக்குநர் விரலைச் சொடுக்க, அந்தப் பெண்மேல் விழுந்த விளக்கொளி அணைகிறது. நிலா எடுபட வேண்டுமாம். இருட்டில் அவள் கைகள் தம் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கின்றன. முயல் வேஷக்காரர் ஏதோ சொல்ல, அரங்கமே சிரிக்கிறது. முதல் வரிசையில் காது கேளாத ஒரு சிறுமி மட்டும் சிரிக்கிற வாய்களை மாறி மாறிப் பார்க்கிறாள். அவளுடைய அம்மா செல்போன் டார்ச்சை அந்தக் கைகள்மேல் அடிக்கிறாள். இயக்குநர் குனிந்தபடி ஓடி வருகிறார்; ஒத்திகைக்குக்கூட மனுஷர் இவ்வளவு வேகமாக வந்ததில்லை.

“லைட்ட அணைங்கம்மா, சீன் கெட்டுப்போகுது.”

“கெட்டா கெடட்டும் சார். எம் பொண்ணுக்குக் கதையே நின்னுபோச்சு.”

“ஒரு பிள்ளைக்காகப் பார்த்தா எப்படிம்மா? மத்த பிள்ளைங்க நிலாவை ரசிக்க வேண்டாமா?”

டார்ச் வட்டத்துக்குள் அந்தக் கைகள் இயக்குநர் பேச்சையும் ஒன்றுவிடாமல் சைகையாக்குகின்றன, அவர் மூக்கை உறிஞ்சுவது உட்பட. சிறுமி இப்போதுதான் சிரிக்கிறாள், அரங்கம் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு.