குருவியின் எடை

தராசில் தொங்கிய பிள்ளை காலை உதைத்துச் சிரித்தது. முள் விறுவிறுவென்று ஏறி, நடுங்கி, நல்ல உயரத்தில் நின்றது. கூடமே கைதட்டியது. நர்ஸம்மா மட்டும் தட்டவில்லை. அவள் கை இரண்டும் பிள்ளைக்கு அடியில் இருந்தன.

அடுத்து வந்த பிள்ளையும் பூசணிக்காய் மாதிரிதான் இருந்தது. பழைய துணித் தொட்டில் இந்தப் பாரத்தைத் தாங்காது என்று போன மாதம்தான் கித்தான் துணியில் புதிதாகத் தைத்திருந்தார்கள்.

இந்தத் தெருவின் குழந்தை நல நிலையத்துக்கு இன்றைக்கு விருது. இரண்டு வருடத்துக்கு முன் நகரத்திலேயே நோஞ்சான் பிள்ளைகள் அதிகம் இருந்தது இங்கேதான். இன்று வலைவீசித் தேடினாலும் ஒன்று கிடைக்காது. கேள்விப்பட்டுப் பெரிய ஆபீசரே நேரில் வந்துவிட்டார்.

நர்ஸம்மா மெல்ல டாக்டரம்மா பக்கம் நகர்ந்தாள்.

"குருவி விஷயத்தை மட்டும் ஆபீசர் காதுல ஒரு வார்த்தை போட்டுடவா?"

"இன்னிக்கு ஒரு நாள் சும்மா இரும்மா," என்றாள் டாக்டரம்மா, முகத்துச் சிரிப்பு கலையாமல். "நான் போய்ச் சொல்லாத ஆபீசா? என்ன நடந்துது? விருதை வாங்கிட்டு வீட்டுக்குப் போ."

நர்ஸம்மா பழைய இடத்துக்கே வந்து நின்றாள். காலையில்கூடக் குருவியின் அம்மாவுக்குப் போன் போட்டுப் பார்த்திருந்தாள். மணியே அடிக்கவில்லை.

குருவி என்பது அவள் வைத்த பெயர். மெலிந்த பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்துவிடுவாள். தீக்குச்சி, ஓணான், ஒட்டடைக்குச்சி. பெயர் வைத்துவிட்டால் பிறகு கைவிட மனசு வராது என்பது அவள் கணக்கு. முன்வரிசையில் கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்த கூட்டத்தில் ஒன்றுக்கும் அவள் இன்னும் பெயர் வைத்திருக்கவில்லை.

எல்லாரிலும் குருவிதான் படு லேசு. அம்மா சந்தையில் மூட்டை தூக்குகிறவள். வேலைக்குப் போகிற வழியில் பிள்ளையை இவள் மடியில் போட்டுவிட்டு, "பார்த்துக்கக்கா, உன் பிள்ளை மாதிரி," என்று ஓடுவாள். கஞ்சியை ஊட்டி ஊட்டி, துப்பினால் திட்டி, ஒருநாள் முள் கொஞ்சம் ஏறியபோது நர்ஸம்மா தெருமுனைவரை போய் எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்தாள். அவளுக்குச் சொந்தப் பிள்ளை இல்லை.

ஆபீசர் மைக்கைப் பிடித்தார். நல்ல மனிதர், சிரித்த முகம்.

"முன்ன இந்தத் தெருவுக்குள்ள வரணும்னா மூக்கைப் பிடிச்சுக்கிட்டுதான் வருவேன். இப்பப் பாருங்க. கல்லு பதிச்ச நடைபாதை, ரெண்டு பக்கமும் பூந்தொட்டி, முக்குக்கு முக்கு காபிக் கடை. என் காரை நிறுத்தக்கூட இடம் கிடைச்சுதுன்னா பார்த்துக்குங்க."

சிரிப்பு எழுந்தது. திரையில் ஒரு பழைய படம் வந்தது. இதே கூடம், இதே தராசு. நர்ஸம்மாவின் கையில் கண் மட்டும் பெரிதாக ஒரு பிள்ளை. அடுத்த படத்தில் இன்றைய முன்வரிசை. கைதட்டல் கூரையைத் தொட்டது.

"தெரு மாறினா மனுஷங்க வாழ்க்கை தன்னால மாறும்னு நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். ஒருத்தரும் நம்பல. இப்ப நம்புவாங்க." ஆபீசர் பழைய படத்தைக் காட்டினார். "இந்தப் பையன் யாரும்மா?"

"குருவி சார்."

"அழகான பேரு. இப்ப மூணு வயசு இருக்குமா? நடந்தே வருவான். மேடைக்குக் கூப்பிடுங்க, நான் ஒரு தடவை தூக்கணும்."

நர்ஸம்மா டாக்டரம்மாவைப் பார்த்தாள். டாக்டரம்மா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெட்கப்படாதீங்க. அவன் வீடு எது?" ஆபீசர் மைக்கை அவள் வாயருகே நீட்டினார்.

"உங்க கார் நிக்குதே சார், அங்கதான் இருந்துது. இடிச்சுட்டாங்க."

"பரவாயில்லையே. அந்தக் குடிசை போய் இப்ப மாடி வீட்டுக்கு வந்துட்டானா?" ஆபீசர் மலர்ந்த முகத்தோடு முன்வரிசையைப் பார்த்தார். ஒவ்வொரு அம்மாவும் தன் பிள்ளையின் தலைமுடியைச் சரிசெய்தாள். "இதுல யாரு நம்ம குருவி?"

மைக்கில் வந்த குரல் நர்ஸம்மாவுக்கே அந்நியமாக இருந்தது.

"இவங்க வேற பிள்ளைங்க சார்."