முப்பது நாள் குறிப்பேடு

உயிரியல் பட்டம் வாங்க அந்த மாணவிக்கு மிச்சமிருந்தது ஒன்றுதான்: ஒரு விலங்கை முப்பது நாள் கவனித்து எழுதிய குறிப்பேடு. தேறாவிட்டால் இன்னொரு வருடம். அதை நேரில் பார்த்த இன்னொருவர் ஒவ்வொரு பக்கத்தின் பின்புறமும் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். யாரும் கதை விடக்கூடாது என்று அந்த விதியைக் கொண்டுவந்தவரே எதிரில் இருந்த பேராசிரியர்தான்.

"விலங்கோட பேரை எழுதலையேம்மா?"

"முதல்ல படிங்க சார்."

படித்தார். 'வயதான ஆண். பெண்ணின் குரல் உயர்ந்ததும் தோட்டத்துக்கு நழுவுகிறது. பூந்தொட்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்த உணவை அவசரமாகத் தின்கிறது. வாயைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாததுபோல் திரும்புகிறது.'

"அடடா! என்ன நுணுக்கமான கவனிப்பு! குரங்குதானே?"

"கிட்டத்தட்ட, சார்."

பின்புறத்தைக்கூடப் பார்க்காமல் முழு மதிப்பெண் போட்டுக் கையெழுத்திட்டார். "எங்கேம்மா பார்த்தே?"

"எங்க மாடி ஜன்னல்லேர்ந்து சார். போன மாசம்தான் உங்க பின்வீட்டுக்குக் குடிவந்தோம்."

இனிப்பைத் தொடவே கூடாது என்ற டாக்டரின் எச்சரிக்கையும், பூந்தொட்டிக்குப் பின்னால் இருக்கும் கேக் டப்பாவும் பேராசிரியரின் கண்முன் வந்தன.

"நமக்குள்ளயே இருக்கட்டும்மா. என் வீட்டுக்காரிக்குத் தெரிஞ்சா தொலைச்சிடுவா."

அவள் மெதுவாகப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். முப்பது பக்கத்தின் பின்புறமும் அவர் மனைவியின் கையெழுத்து. கடைசிப் பக்கத்தில் கூடுதலாக ஒரு வரி:

'சாயங்காலம் வீட்டுக்கு வரட்டும். விலங்கின் பேரை நானே சொல்கிறேன்.'