பிடித்துக்கொள்ள ஓர் ஆள்

விதின் நகரத்துக் கேமரா கடையில் கிராமத்திலிருந்து வந்திருந்த கிழவர் ராங்கெல், வீட்டுக்குப் போக மனமில்லாதவர்போல, ஒவ்வொரு ஸ்டாண்டாக விரித்துத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கறதுலயே இதுதான் மலிவு, தாத்தா," என்றாள் கடைக்காரி ஸ்னெஜானா.

"காத்துக்குச் சாஞ்சிடும்மா. நான் நிறுத்தப்போற இடம் மேடு. விலையும் கம்மியா இருக்கணும், ஆடாமலும் நிக்கணும்."

"மாமியாரும் நல்லவளா, மருமகளும் நல்லவளா வேணும்கிறீங்க!"

அவர் சிரிக்கவில்லை. அவளே உள்ளே போய், யாரோ விற்றுவிட்டுப்போன கனமான பழைய ஸ்டாண்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். ராங்கெல் அதன்மேல் இரு கைகளையும் ஊன்றி அழுத்தினார். அசையவில்லை.

"இதைக் குடு."

"என்ன விசேஷம்? கல்யாணமா?"

"கனடாவுல இருக்கற மகனால வர முடியல. வீடியோ எடுத்து அனுப்பச் சொல்றான்."

"அதுக்கு ஏன் தாத்தா இந்தச் செலவு? ஊர்ல யாரையாவது கேமராவைப் பிடிச்சுக்கச் சொல்லுங்களேன்!"

ராங்கெல் ஸ்டாண்டை மடக்கித் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"ஊர்ல மிச்சம் இருக்கறதே நாங்க நாலு ஆம்பளைங்கதாம்மா. நாளைக்கு நாலு பேரும் சேர்ந்தாத்தான் என் பெண்டாட்டியோட சவப்பெட்டியைத் தூக்க முடியும்."